இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர்: டிரைவருக்கு முழு மதிப்பெண், உதவிக் கருவிக்குப் பாதி

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத டெஸ்க்டாப்பில் விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் திரையில் எல்லாம் பெரிதாகத் தெரிகிறதா? இரண்டாவது மானிட்டர் இருட்டாகவே இருக்கிறதா? 4கே வீடியோவைத் திறந்ததும் பிராசஸர் ஃபேன் இரைகிறதா? டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸைத் திறந்து பாருங்கள். அங்கே மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் இன்டெல் டிரைவர் இன்னும் ஏறவில்லை. அந்தப் பொது டிரைவர் திரையில் படம் காட்டும், அவ்வளவுதான். பிராசஸருக்குள் வீடியோவுக்கென்றே இருக்கும் பகுதியை அது தொடுவதில்லை. வீடியோவை விரித்துக் காட்டும் சுமை முழுக்க சிபியு கோர்கள் மேல் விழுகிறது.

இன்டெல் டிரைவர் அந்தப் பகுதியை எழுப்பிவிடுகிறது. அதன் பெயர் குவிக் சிங்க். 2011-இல் இரண்டாம் தலைமுறை கோர் பிராசஸர்களுடன் வந்தது. ஆனால் எந்த வீடியோ வகை ஓடும் என்பதைத் தீர்மானிப்பது சில்லின் தலைமுறை. 6ஆம் தலைமுறையில் 8 பிட் எச்இவிசி, 7ஆம் தலைமுறையில் 10 பிட் எச்இவிசியும் விபி9-உம், 11ஆம் தலைமுறையில் ஏவி1 என்று படிப்படியாகச் சேர்ந்தவை இவை. மாடல் எண்ணின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால், உதாரணமாக ஐ5-12400எஃப், அதில் கிராஃபிக்ஸே கிடையாது. அதற்கு இந்த டிரைவரைத் தேடி அலைய வேண்டாம்.

டிரைவரைப் பெற மூன்று வழிகள். விண்டோஸ் அப்டேட் தானாகப் போடுவது பெரும்பாலும் சற்றுப் பழைய பதிப்பு. அலுவலக வேலைக்கு அதுவே போதும். இன்டெல் டிரைவர் அண்ட் சப்போர்ட் அசிஸ்டன்ட் என்ற கருவி சரியான பதிப்பைக் கண்டுபிடித்துத் தரும். ஆனால் அதற்காக ஒரு சர்வீஸ் எப்போதும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். எப்போதோ ஒருமுறை மாற்றும் டிரைவருக்கு இது அதிகம். எங்கள் பரிந்துரை மூன்றாவது வழி: இன்டெல் தளத்திலிருந்து முழுத் தொகுப்பையும் இறக்கிக்கொள்வது. இதில் தலைமுறையைக் கவனிக்க வேண்டும். 2022 ஜூலையில் 6 முதல் 10 வரையிலான தலைமுறைகளை இன்டெல் தனிக் கிளையாகப் பிரித்துவிட்டது. புதிய சில்லுக்கான தொகுப்பைப் பழையதில் ஓட்டினால் நிறுவி பாதியிலேயே மறுத்துவிடும்.

நிறுவும்போது முதல் திரையிலேயே தொடங்கிவிடாமல் கஸ்டமைஸ் பக்கத்துக்குப் போங்கள். அங்கே கிளீன் இன்ஸ்டலேஷன் என்ற கட்டத்தில் டிக் போடுவது அவசியம். பழைய டிரைவரின் மிச்சம் மீதி எல்லாம் போய்விடும்; திரை மினுக்குவது, ரெசல்யூஷன் மாறிப்போவது போன்ற தொல்லைகளில் பல இந்த மிச்சத்திலிருந்து வருபவைதான். இடையில் திரை சில விநாடிகள் கறுத்துப்போகும். பயந்து பவர் பட்டனை அழுத்த வேண்டாம், காத்திருங்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். எச்டிஎம்ஐ வழியே மானிட்டர் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலிக்கான டிரைவரும் இதே தொகுப்பில் இருக்கிறது என்பது நல்ல விஷயம்.

பிராண்டட் டெஸ்க்டாப்புகளில் வரும் தகராறு வேறு. இந்த டிரைவர் இந்தக் கணினிக்குச் சரிபார்க்கப்படவில்லை, தயாரிப்பாளரிடம் வாங்குங்கள் என்று பழைய நிறுவிகள் நின்றுவிடும். அப்போது ஜிப் தொகுப்பை விரித்து வைத்துக்கொண்டு, டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர் வழியாக ஹேவ் டிஸ்க் வரை போய், கிராஃபிக்ஸ் ஃபோல்டரில் உள்ள, நிறுவல் விவரங்கள் அடங்கிய ஐஎன்எஃப் கோப்பைக் காட்டினால் ஏறிவிடும்.

தனி கார்டும் இருக்கும் கணினியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மானிட்டர் கேபிள் தனி கார்டில் இருந்தால் பல மதர்போர்டுகள் பிராசஸர் கிராஃபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் அது ஆட்டோ என்று இருப்பதே காரணம். டிவைஸ் மேனேஜரில் இன்டெல் கிராஃபிக்ஸின் பெயரே இல்லாதபோது எந்த நிறுவியாலும் ஒன்றும் செய்ய முடியாது. பயாஸுக்குப் போய் ஆசுஸ் போர்டில் ஐஜிபியு மல்டி மானிட்டர், எம்எஸ்ஐயில் ஐஜிடி மல்டி மானிட்டர், கிகாபைட்டில் இன்டர்னல் கிராஃபிக்ஸ் என்ற வரியை எனேபிள்ட் ஆக்குங்கள். முதல் டிஸ்ப்ளேவைப் பிசிஐஇ, அதாவது தனி கார்டு, என்றே விட்டுவிடலாம். கேபிளை மாற்ற வேண்டாம். வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் தனி கார்டு இருந்தாலும் இந்த வேலையைச் செய்துவிடுவது நல்லது. சில கேமராக்கள் தரும், நிற விவரம் கூடுதலாக உள்ள 4:2:2 எச்இவிசி கோப்புகளைப் பல தனி கார்டுகளால் விரிக்க முடியாது. 11ஆம் தலைமுறை முதல் இன்டெல் சில்லுகள் சிரமமின்றி விரிக்கும்.

இன்னொரு எரிச்சல், நீங்கள் புதியதைப் போட்ட பிறகு விண்டோஸ் அப்டேட் பழையதைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவது. புரோ பதிப்பில் குரூப் பாலிசியில் அப்டேட்டுடன் டிரைவர்களைச் சேர்க்காதே என்ற அமைப்பை இயக்கினால் நிற்கும். கிளீன் இன்ஸ்டலேஷனுக்கும் அடங்காத குழப்பமென்றால் மட்டும், பழைய டிரைவரை அடியோடு துடைக்கும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற கருவியை எடுங்கள். புதிய தொகுப்பை முன்பே இறக்கி வைத்து, நெட் இணைப்பைத் துண்டித்து, சேஃப் மோடில் ஓட்ட வேண்டும். நெட் இருந்தால் துடைத்த மறுநிமிடமே விண்டோஸ் தன் டிரைவரை ஏற்றிவிடும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு 4கே வீடியோவை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், ஜிபியு பக்கத்தில் வீடியோ டீகோட் வரைபடத்தைப் பாருங்கள். கோடு எழும்பி, சிபியு அடங்கியிருந்தால் சரி. கோடு தரையிலேயே கிடந்தால் முதலில் பிரவுசரின் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இயங்கியும் பயனில்லையென்றால் யூடியூப் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸைத் திறந்து வீடியோ வகையைச் சொல்லும் கோடெக் வரியைப் படியுங்கள். ஏவி01 (அதாவது ஏவி1) என்று இருந்து, பிராசஸர் 10ஆம் தலைமுறையோ அதற்கு முந்தியதோ என்றால், டிரைவரை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் அந்தக் கோடு எழாது.