ஏழைக் குடும்பங்களைக் கண்டறிய எந்தப் பட்டியல்? மூன்று வழிகளின் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோருக்கும் தெலுக் இந்தானுக்கும் இடைப்பட்ட செம்பனைத் தோட்டங்களை ஒட்டி வளர்ந்தது எங்கள் சிறு நகரம். இங்கே உதவி தேவைப்படும் குடும்பங்களை எப்படிக் கண்டறிவது என்ற கேள்விக்கு, குடியிருப்பாளர் குழுவின் செயலாளர் என்ற முறையில், கடந்த சில ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு வழிகளில் விடை தேடியிருக்கிறேன். மத்திய அரசாங்கத்தின் பதிவேட்டை நம்பியிருப்பது ஒரு வழி. வீடு வீடாகச் சென்று நாமே கணக்கெடுப்பது இரண்டாவது. ஊராட்சி மன்றத்தின் கையில் ஏற்கெனவே இருக்கும் மதிப்பீட்டு வரி (வீட்டு உரிமையாளர் மன்றத்துக்குக் கட்டும் வரி) பாக்கி, அங்காடி வாடகை, உரிமம் ஆகியவற்றின் கணக்குகளிலிருந்து தொடங்குவது மூன்றாவது. மூன்றையும் பார்த்த பிறகு நாங்கள் மூன்றாவது வழியைத்தான் தேர்ந்தெடுத்தோம். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பட்டியல் எதற்கு, ஊரில் யார் ஏழை என்று எல்லாருக்கும் தெரியாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். 2016-ஆம் ஆண்டில் நாட்டின் வறுமைக் கோட்டு வருமானம் மாதம் 980 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்தது. அதன்படி ஏழைக் குடும்பங்கள் 0.4 விழுக்காடுதான். 2019-இல் கணக்கிடும் முறை மாற்றப்பட்டு, கோடு 2,208 வெள்ளிக்கு உயர்ந்தது. புதிய முறையில் அதே 2016-ஐத் திரும்பக் கணக்கிட்டபோது விழுக்காடு 7.6 ஆனது. 2022-இல் கோடு 2,589 வெள்ளியாகவும் வறுமை 6.2 விழுக்காடாகவும் பதிவாயின. குறைந்தபட்சச் சம்பளமோ 2025 பிப்ரவரியிலிருந்துதான் 1,700 வெள்ளி. ஒருவர் மட்டும் அந்தச் சம்பளத்துக்கு வேலை செய்து, பள்ளி செல்லும் மூன்று பிள்ளைகளை வளர்க்கும் வீட்டின் வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கும், கூரையில் தொலைக்காட்சித் தட்டும் இருக்கும். தெருவில் நின்று பார்ப்பவருக்கு அந்த வீடு ஏழை வீடாகத் தெரியாது.

மத்தியப் பதிவேட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2008 முதல் இயங்கிவரும் இ-காசே ஏழைக் குடும்பங்களுக்கான தேசியத் தரவுத் தளம். அதில் பெயர் இருப்பது பல உதவிகளுக்கான வாசல் என்பதால், எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இறுதியில் குடும்பத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தே ஆக வேண்டும். குடும்பங்களின் வருமான விவரங்களைத் திரட்டும், பாடு எனப்படும் முதன்மைத் தரவுத் தளம் 2024 ஜனவரி 2-ஆம் நாள் தொடங்கப்பட்டு, அவ்வாண்டு மார்ச் 31 வரை பொதுமக்கள் தங்கள் விவரங்களைப் புதுப்பிக்கலாம் என அறிவிக்கப்பட்டது. அந்த மூன்று மாதங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தோம். அடையாள அட்டையைப் படம் பிடித்து, பிறகு முகத்தையும் படம் பிடித்து ஒப்பிடும் சரிபார்ப்பில்தான் பெரும்பாலான முதியவர்கள் தடுமாறினார்கள். நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய கைகளுக்கு அந்தச் சிறிய திரையை அசையாமல் பிடித்திருப்பதே பெரும் பாடாக இருந்தது. பக்கத்தில் பேரப்பிள்ளை இருந்தவர்கள் பதிந்தார்கள். இல்லாதவர்களில் பலர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இந்த முறையின் குறை அதன் அடிப்படையிலேயே இருக்கிறது: தன் வறுமையைப் பதியும் வேலையும், நிலைமை மாறும்போது பதிவைத் திருத்தும் வேலையும் அந்த ஏழையின் தலையிலேயே விழுகின்றன. சிலாங்கூரில் 2008 முதல் எல்லா வீடுகளுக்கும் கிடைத்துவந்த 20 கன மீட்டர் இலவச நீர், 2020 மார்ச்சில் குடும்ப வருமானம் 4,000 வெள்ளிக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்று மாற்றப்பட்டபோது, தகுதி உள்ளவர்களும் தாமே முன்வந்து விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. அதுவரை குழாயைத் திறந்தாலே கிடைத்த சலுகைக்கும் விண்ணப்பப் பாரம் நிரப்பினால் கிடைக்கும் சலுகைக்கும் உள்ள தூரம், வசதி உள்ளவர் நினைப்பதைவிட மிக அதிகம். அடையாள அட்டை எண்ணைத் திறவுகோலாகக் கொண்ட எந்தப் பதிவேடும் பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு எளிதில் திறப்பதில்லை என்பதும் தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்கள் அறிந்ததே.

வீடு வீடாகக் கணக்கெடுப்பதுதான் என் மனத்துக்கு மிக நெருக்கமான வழி. 2021 ஜூலையில், கோவிட் காலத்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது, உணவில்லாத வீடுகள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டும் இயக்கம் நாடு முழுவதும் பரவியது. எங்கள் தாமானிலும் (வீடமைப்புப் பகுதியிலும்) தலையணை உறைகளும் பள்ளிச் சட்டைகளும் கொடிகளாகத் தொங்கின. கொடி கட்டாத வீடுகளிலும் அரிசி இல்லை என்பதை அந்த மாதம்தான் நேரில் கண்டோம். அதனால் ஒரு தாமானிலும் இரண்டு தோட்ட லயங்களிலும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலும்) ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று, எத்தனை பேர், யார் வேலைக்குப் போகிறார்கள், யாருக்கு நோய், என்ன உதவி வருகிறது என்று தாளில் எழுதி, கணினியில் ஏற்றினோம். அந்த ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டதை வேறெந்தப் பதிவேடும் எங்களுக்குச் சொல்லியிருக்காது.

ஆனால் அந்தப் பட்டியல் அவ்வாண்டுத் தீபாவளி வரைகூட உயிரோடு இருக்கவில்லை. நவம்பரில் அரிசி மூட்டைகளுடன் போனபோது, ஒரு குடும்பம் கிள்ளானுக்குப் போய்விட்டிருந்தது. ஒரு வீட்டில் மகனுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. நல்ல நிலையில் இருப்பதாக நாங்கள் குறித்துவைத்த வீட்டில் குடும்பத்தலைவர் இறந்துபோயிருந்தார். எழுதி வைத்த கைப்பேசி எண்களில் பல வேறு யாருடையவையோ ஆகிவிட்டிருந்தன. மறுபடி கணக்கெடுக்கலாம் என்றால், வீட்டில் அடைபட்டிருந்ததால் எங்களோடு வந்த இளைஞர்கள் அனைவரும் வேலைக்கும் கல்லூரிக்கும் திரும்பிவிட்டார்கள். பட்டியலை உருவாக்க ஆள் கிடைப்பார்கள், அதைப் பராமரிக்க ஆள் கிடைக்கமாட்டார்கள் என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன். அன்றிலிருந்து எந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசினாலும், ஓராண்டு கழித்து இதைப் புதுப்பிப்பது யார் என்பதே என் முதல் கேள்வியாக இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு மூன்றாவது வழியிடம் மட்டுமே நல்ல விடை இருக்கிறது. மதிப்பீட்டு வரி ஆண்டுக்கு இருமுறை வருகிறது. முதல் அரையாண்டுக்கு பிப்ரவரி இறுதியும் இரண்டாம் அரையாண்டுக்கு ஆகஸ்டு 31-ஆம் நாளும் கெடு. ஒவ்வொரு கெடு முடிந்ததும், யார் கட்டினார், யார் கட்டவில்லை என்ற கணக்கு, எவரும் தனியாக முயலாமலேயே, மன்றத்தின் கணினியில் தானே புதிதாகிவிடுகிறது. சந்தைக் கடையின் மாத வாடகையும் சிறு வணிக உரிமத்தின் ஆண்டுப் புதுப்பிப்பும் அப்படியே. இந்தத் தரவைத் திரட்டுவதற்கு ஏற்கெனவே சம்பளம் வாங்கும் அலுவலர்கள் இருக்கிறார்கள், தொண்டர்கள் தேவையில்லை.

பிரிட்டனில் ஊராட்சி மன்றங்கள் இத்தகைய கணக்குகளைப் பல ஆண்டுகளாக இப்படிப் பயன்படுத்திவருகின்றன. அங்கே வீட்டு வாடகை உதவியையும் மன்ற வரிச் சலுகையையும் மன்றமே நிர்வகிப்பதால், குடும்பத்தின் வருமானம் அதன் கோப்பிலேயே இருக்கிறது. அதை வைத்து, உரிமை இருந்தும் முதியோர் உதவித்தொகையைக் கேட்காமல் இருப்பவர்களைத் தேடிக் கடிதம் அனுப்புகிறார்கள். நம் மன்றங்களிடம் வருமானத் தரவு கிடையாது. உதவித்தொகைகள் மத்திய அரசாங்கத்திடமும் சமூக நல இலாகாவிடமும் இருக்கின்றன. அதனால் அவர்கள் முறையை இங்கே அப்படியே நட்டுவைக்க முடியாது. நம்மிடம் இருப்பது பாக்கிக் கணக்கு ஒன்றுதான். அதிலிருந்து என்ன படிக்கலாம் என்பதையே பார்க்க வேண்டும்.

பாக்கித் தொகையின் அளவு எதையும் சொல்லவில்லை என்பது நாங்கள் கற்ற முதல் பாடம். பெரிய பாக்கி வைத்திருந்த வீடுகளில் சில பூட்டிக் கிடந்தன. உரிமையாளர்கள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வசதியாக வாழ்கிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கெடுவுக்கு முன்பே கட்டிவந்த ஒரு வீடு, திடீரென அடுத்தடுத்து இரண்டு அரையாண்டுகள் கட்டாமல் விட்டிருந்தால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது. வேலை போயிருக்கும், நோய் வந்திருக்கும், கணவர் இறந்திருப்பார். தொகை சிறியதாக இருப்பதே இந்த அடையாளத்தின் வலிமை. மிகச் சிறிய தொகையையும் தள்ளிப்போட வேண்டிய நிலை வந்துவிட்டது என்று அது காட்டுகிறது. வழக்கமாகக் கட்டிவந்து திடீரென நிறுத்திய வீடுகளை மட்டும் பிரித்தெடுத்தால், நூற்றுக்கணக்கான பாக்கிதாரர்கள் ஒரு குழு நடந்தே பார்த்துவிடக்கூடிய எண்ணிக்கைக்குக் குறைந்துவிடுகிறார்கள்.

இந்த வழியின் பெரிய ஆபத்தும் இதே கணக்கில்தான் இருக்கிறது. ஊராட்சிச் சட்டம் 1976-இன்படி, வரி கட்டாதவருக்கு முதலில் இ பாரத்தில் அறிவிக்கையும், அதன் பிறகும் கட்டாவிட்டால் எஃப் பாரத்தில் பொருள்களைப் பறிமுதல் செய்யும் வாரண்டும் அனுப்பலாம். அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உதவி செய்ய வந்திருக்கிறோம் என்றால் யார் நம்புவார்கள்? நாங்கள் முதலில் சென்ற வீடுகளில் ஒன்றில் கதவைப் பாதி மட்டும் திறந்த ஓர் அம்மா, "தம்பி, வீட்டுச் சாமானைத் தூக்கவா வந்திருக்கீங்க?" என்று கேட்டார். "இல்லைங்கம்மா, நீங்க வழக்கமா ஜனவரியிலேயே கட்டிடுவீங்களே, என்ன ஆச்சுன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றேன். கணவர் பக்கவாதத்தில் படுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சமூக நல இலாகாவின் உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதுவரை அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவர் பெயர் 2021-இல் நாங்கள் எடுத்த பட்டியலிலும் இருந்தது, 'உதவி தேவையில்லை' என்ற குறிப்புடன்.

ஆகவே வரிசை முக்கியம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வழக்கத்தை முறித்த வீடுகளின் பட்டியல், இ பாரம் அச்சாவதற்கு முன்பே பார்வையிடும் குழுவிடம் வர வேண்டும். தவணையில் கட்டுவதற்கான ஏற்பாடு அந்த முதல் சந்திப்பிலேயே பேசப்பட வேண்டும். வசூல் பிரிவு முந்திக்கொண்டால், அதன் பின் போகிற எவருக்கும் கதவு திறக்காது.

பட்டியலை யார் பார்க்கலாம் என்பதிலும் நாங்கள் நிறையத் தயங்கினோம். சிறிய ஊர், இன்னார் வீட்டில் வரிப் பாக்கி என்பது வெள்ளிக்கிழமை பூசை முடிவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. தரவுப் பகிர்வுச் சட்டம் 2025 மத்திய அரசாங்க அமைப்புகள் தங்களுக்குள் பகிர்வதற்கே வழி செய்கிறது. ஊராட்சி மன்றம் தன் கணக்கை ஒரு குடியிருப்பாளர் குழுவுக்குத் தருவதற்கு இவற்றில் தெளிவான பாதை இல்லை என்பதால், நாங்கள் சுற்றுவழியைப் பின்பற்றினோம்: மன்ற ஊழியரே முதலில் தொலைபேசியில் அழைத்து, குழுவைச் சேர்ந்தவர் வந்து பேசலாமா என்று கேட்பார், சம்மதித்தவர்களின் முகவரி மட்டும் எங்களுக்கு வரும், தொகை வராது. வேகம் குறைந்தது, ஆனால் இதுவரை ஒருவரும் எங்கள் மீது வருத்தப்படவில்லை.

இந்த வழி எட்டாத இடங்கள் இரண்டு, இரண்டும் சிறியவை அல்ல. வாடகைக்கு இருப்பவர்களின் வரிக் கணக்கு வீட்டு உரிமையாளர் பெயரில் இருப்பதால், ஊரிலேயே மிகவும் நெருக்கடியில் இருக்கும் குடும்பங்கள் அதில் தென்படுவதே இல்லை. சந்தைக் கடை வாடகையும் உரிமமும் அவர்களில் சிறு வியாபாரம் செய்பவர்களை மட்டும் காட்டித்தருகின்றன. அந்தக் கணக்குகளை நாங்கள் பயன்படுத்தத் தொடங்கி ஓராண்டுதான் ஆகிறது என்பதால், அவை எவ்வளவு நம்பகமானவை என்று உறுதியாகச் சொல்லும் நிலையில் நான் இல்லை. இரண்டாவது, தோட்ட லயங்கள். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். எங்கள் பக்கத்து லயங்களில் தண்ணீர்க் கணக்கும் நிர்வாகத்தின் பெயரில்தான். அங்கே வாழும் குடும்பத்தின் தடம் மன்றத்தின் எந்தக் கோப்பிலும் விழுவதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் போக இடமின்றி அதே வீட்டில் தங்கியிருக்கும் முதியவர்களும், குடியுரிமை இன்றி நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்பவர்களும் அங்கேதான் அதிகம்.

எனவே லயங்களுக்கு மட்டும் பழைய முறையையே வைத்திருக்கிறோம். தாமான்களில் கணக்கெடுக்கும் சுமை போய்விட்டதால், இருக்கிற ஐந்தாறு பேரும் முழுக்க லயங்களுக்குச் செல்ல முடிகிறது. பள்ளி ஆண்டு தொடங்கும் வாரத்தில், பிள்ளைகளின் சீருடை, காலணி விவரம் கேட்கும் சாக்கில், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரும் எங்களில் இருவரும் சேர்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறோம். பள்ளிப் பிள்ளைகள் இல்லாத முதியவர்களின் வீடுகள் இந்த ஏற்பாட்டில் இன்னும் விடுபட்டே போகின்றன. அவற்றுக்குத் தோட்டத்து மருந்தகப் பணியாளரின் துணையை நாடலாம் என்று பேசிவருகிறோம். அடுத்த ஆகஸ்டு கெடு முடிவதற்குள் அந்த ஒரு பேச்சையாவது முடிக்க வேண்டும்.