பச்சைத் துணியும் வெள்ளி உடையும்: கிரீன் மேட், நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் ரசிகர்களான நாங்கள் எடுத்த குறும்படத்துக்காக நான் வாங்கிய கிரீன் மேட் துணியின் விலை இப்போது நன்றாக இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, விண்வெளிக் கதை ஒன்றை எடுக்கவிருக்கும் நண்பர், அதை வாங்கலாமா என்று கேட்டிருந்தார். நடிகருக்குப் பின்னால் கட்டிப் படம் பிடித்து, பிறகு கணினியில் அந்தப் பச்சையை நீக்கி வேறு பின்னணியைச் சேர்ப்பதற்கான துணி இது. அளவும் எடையும் விற்பனைப் பக்கத்திலேயே இருக்கின்றன. நான் சொல்ல விரும்புவது, இத்தனை காலம் புழங்கிய பிறகும் என்னை விடாமல் எரிச்சலூட்டும் ஒன்றைப் பற்றி.

முதலில் துணிக்குரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். பலமுறை துவைத்தும் நிறம் மங்கவில்லை. ஓரத் தையல் ஓரிடத்திலும் பிரியவில்லை. கீழ் மடிப்பில் ஒரு கம்பியைச் செருகி முந்தைய இரவே தொங்கவிட்டால், காலையில் சுருக்கம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. மொட்டை மாடியில் வெயில் நேராக விழாத நேரத்தில் கட்டினால், எல்இடி விளக்கு இல்லாமலேயே துணி முழுவதும் ஒரே சீராக ஒளி கிடைக்கும். கேமரா சென்சாரில் சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ளதைப்போல இரு மடங்கு புள்ளிகள் பச்சைக்கு இருப்பதால், எங்களிடமிருந்த சாதாரணக் கேமராவிலும் பச்சை தெளிவாகப் பதிவானது. விண்கலத்தின் கட்டுப்பாட்டு அறைக் காட்சிகளில் பருத்திச் சீருடை அணிந்து நின்றவர்களை, இலவச மென்பொருளான பிளெண்டரில், தலைமுடி ஓரம் உட்பட, சில நிமிடங்களில் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க முடிந்தது. அன்று அந்தத் துணியைப் பாராட்டாதவர்கள் எங்கள் குழுவில் இல்லை.

சிக்கல் விண்வெளி உடையில் தொடங்கியது. ஸ்டார் ட்ரெக் உரிமையாளர்கள் 2016-இல் வெளியிட்ட ரசிகர் பட வழிகாட்டுதலின்படி, சந்தையில் விற்கும் உடைகளைப் பயன்படுத்தினால், அவை அதிகாரபூர்வமானவையாக இருக்க வேண்டும். அவற்றின் விலை எங்களுக்கு எட்டாததால் நாங்களே உடை தைத்து, வெள்ளி நிறம் அடித்து, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்குக் கழுத்து வளையம் பொருத்தினோம். நேரில் பார்க்க அத்தனை அழகாக இருந்த அந்த உடை, துணியின் முன்னால் வந்து நின்றவுடன் தோளிலிருந்து முழங்கை வரை பச்சையை வாங்கிக்கொண்டது. நடிகரை எட்டடி முன்னால் நிறுத்தியதும் தோளில் இருந்த பச்சை குறைந்தது. ஹெல்மெட்டின் வளைந்த கண்ணாடியோ, எவ்வளவு தள்ளி நின்றாலும், பக்கவாட்டில் உள்ள துணியை ஒரு பச்சைப் பட்டையாகக் காட்டிக்கொண்டே இருந்தது. கீயிங் (கணினியில் பச்சையை நீக்குதல்) செய்தபோது பின்னணியோடு அந்தப் பட்டையும் நீங்கிவிட்டதால், நடிகரின் கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் விண்மீன்கள் தெரிந்தன. அந்த ஓட்டையை அடைக்க ஒவ்வொரு பிரேமிலும் கையால் மாஸ்க் (எந்தப் பகுதி நீங்கக் கூடாது என்று காட்டும் எல்லைக்கோடு) வரைய வேண்டும். நொடிக்கு 24 பிரேம் என்றால் எட்டு நொடி ஷாட்டுக்கு 192. உடையில் படிந்த பச்சையைக் குறைக்கும் வசதி மென்பொருளில் உண்டு என்றாலும், அது பச்சை ஒளியைச் சிவப்பு, நீலத்தின் அளவுக்கு வெட்டிவிடுவதால், வெள்ளியின் பளபளப்பும் சேர்ந்து போய், உடை ஈயம் தேய்ந்த பாத்திரம்போல் களையிழந்துவிடுகிறது.

ஒளி பட்டுத் திரும்புவது இயற்கை. அதற்குத் துணியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் "எந்த உடைக்கும் ஏற்றது, நிறம் சிதறாது" என்று உறையில் அச்சிட்டு விற்ற நிறுவனத்தை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. சிறிய தொகையைச் சேர்த்துப் படம் எடுப்பவர்கள் அந்த வரியை நம்பித்தான் வாங்குகிறார்கள். விண்வெளிக் கதையில் பளபளக்கும் பொருள் இல்லாத காட்சி எத்தனை இருக்கும்? பிறகு எழுதிக் கேட்டதற்கு, விளக்கைச் சரியாக வைக்குமாறு ஒரு பொதுவான பதில் மட்டும் வந்தது.

எங்களைக் காப்பாற்றியது கறுப்பு வெல்வெட். விண்வெளியின் பின்னணியே கறுப்புதான். அங்கே ஒளியைச் சிதறடிக்கக் காற்றும் இல்லை. எனவே வெல்வெட்டின் முன்னால் நடிகரை நிறுத்தி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வலுவான விளக்கை அடித்தபோது, உடையின் மறுபக்கம் இருளில் கரைந்தது பிழையாகத் தெரியவில்லை. சூரிய ஒளியில் மிதப்பவரைப்போலவே இருந்தது. ஹெல்மெட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படம் பிடித்து, அதன் பிரதிபலிப்பைப் பிளெண்டரில் சேர்த்தோம். 2013-இல் வந்த கிராவிட்டி படத்திலும் ஹெல்மெட் கண்ணாடிகள் கணினியில் சேர்க்கப்பட்டவைதான்.

ஆகவே நண்பரே, தரத்தில் பெரிய குறை சொல்ல முடியாத இந்தத் துணிக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுக்கிறேன். விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் வாங்க வேண்டாம். உங்கள் கதையில் விண்கலத்துக்குள் நடக்கும் காட்சிகளும் இருந்தால், என்னிடம் உள்ளதைத் துவைத்து வைத்திருக்கிறேன், வந்து எடுத்துச் செல்லுங்கள். மிச்சப்படும் பணத்தில் வெல்வெட்டை இரண்டு மீட்டர் கூடுதலாக வாங்குங்கள், ஏனெனில் மிதக்கும் காட்சியில் கால்களுக்குக் கீழேயும் துணி விரிக்க வேண்டியிருக்கும்.