மியூசிக்மாஸ்டரா, டி-40ஆ?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில், எங்கள் பஜனைக் குழுவுக்கு இரண்டு பழைய பேஸ் கிட்டார்கள் உண்டு. என்னுடையது ஃபெண்டர் மியூசிக்மாஸ்டர், மச்சானுடையது பீவி டி-40. இரண்டும் அமெரிக்காவில் செய்தவை, அந்தக் காலத்தில் காசு குறைந்தவனுக்காக வந்தவை. புரட்டாசி பிறந்துவிட்டால் கோவிந்தா பூசைக்கு எதை எடுத்துப் போவது என்று சனிக்கிழமைதோறும் எங்களுக்குள் தகராறு.

மலிவிலும் இரண்டு வகை இருக்கிறது. மியூசிக்மாஸ்டர் பொருளில் மிச்சம் பிடித்த மலிவு. 1970களின் தொடக்கத்தில், கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கென்று வந்த மாடல் அது. பேஸுக்கென்று தனி பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) செய்யாமல், சாதாரண கிட்டாரின் பிக்கப்பையே வைத்து, துளையில்லாத பிளாஸ்டிக் மூடியால் மறைத்துவிட்டார்கள். உள்ளே ஆறு காந்தம், மேலே நாலு கம்பி! கம்பிக்கு நேராகக் காந்தம் நிற்காததால் ஒரு கம்பி உரக்கப் பேசும், இன்னொன்று முணுமுணுக்கும். கம்பி வந்து முடியும் பிரிட்ஜில், கம்பியைத் தாங்கும் சேடில் இரண்டு கம்பிக்கு ஒன்றுதான். ஒன்றுக்குச் சுருதி சரிசெய்தால் பக்கத்துக் கம்பி மேல் ஃப்ரெட்டுகளில் (விரல் வைக்கும் கட்டைகளில்) லேசாக விலகும். குமிழ்கள் சத்தத்துக்கு ஒன்று, டோனுக்கு (குரலின் கூர்மைக்கு) ஒன்று.

டி-40 வேலையில் மிச்சம் பிடித்த மலிவு. 1978ல் மிசிசிப்பி மாநிலத்து மெரிடியன் ஊரிலிருந்து வந்தது. கம்பெனியைத் தொடங்கிய ஹார்ட்லி பீவிக்குத் துப்பாக்கிகள் மேல் ஆசை. துப்பாக்கிக் கட்டைகளை இயந்திரம் அச்சு மாறாமல் செதுக்குவதைப் பார்த்து, கிட்டாருக்கும் அதையே செய்தார். கையால் இழைக்கும் கூலி குறைந்தது, மரத்திலும் பிக்கப்பின் கம்பிச்சுற்றிலும் கஞ்சத்தனம் காட்ட வேண்டியிருக்கவில்லை. இரண்டு பெரிய ஹம்பக்கர்கள், அதாவது ரீங்காரத்தை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்புகள். டோன் குமிழை முழுக்கத் திறந்தால் ஒற்றைச் சுருளாகக் கூர்மையாகப் பேசும், கொஞ்சம் இறக்கினால் இரண்டாவது சுருளும் சேர்ந்து தடிக்கும். போதாததற்கு, ஒரு பிக்கப்பின் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சும் உண்டு. இவ்வளவு யோசித்துச் செய்த மலிவுச் சாமானை நான் வேறு பார்த்ததில்லை.

ஆனால் கனம். நாலரைக் கிலோவுக்குக் குறைந்த டி-40 கிடைப்பது அரிது. கோயில் மண்டபத்தின் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு மூன்று மணி நேரம் அதைத் தோளில் போட்டு நின்றவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரைச்சல் இல்லாததிலும் டி-40 முந்துகிறது. ஹம்பக்கரில் நிறுத்தினால் ரீங்காரம் கேட்காது. என் ஒற்றைச் சுருள் பிக்கப், மண்டபத்து டியூப் லைட்டைக் கண்டாலே இரையும். ஒரு வேடிக்கை: நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மிகத் தாழ்ந்த இ (E) கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் பிறக்கும் ஜி (G) சுரம் 49 ஹெர்ட்ஸ். ஜியில் பாட்டெடுத்தால் ரீங்காரமே சுருதிப்பெட்டி மாதிரி நிற்கும். பாடுகிற அக்கா வேறு சுருதி கேட்டால் மாட்டிக்கொள்வேன்.

இவ்வளவுக்கும் பிறகு பஜனைக்கு என் ஓட்டு மியூசிக்மாஸ்டருக்குத்தான். காரணம் நீளம். அதன் கம்பி 30 அங்குலம், டி-40க்கு 34. ஒரே தடிமன் கம்பியை ஒரே சுருதியில் கட்டினால், குட்டையானதில் இழுவிசை கிட்டத்தட்ட 22 சதவீதம் குறையும். கம்பி தொளதொளவென்று இருப்பதால் தட்டியதும் ‘தும்’மென்று ஊதிச் சட்டென்று அடங்கும். தட்டையான இழை சுற்றிய ஃபிளாட்வூண்ட் கம்பி மாட்டினால் இன்னும் மழுங்கும். அந்தத் ‘தும்’ மிருதங்கத்தின் தொப்பியோடு (இடப்பக்கத்தோடு) ஒட்டிக்கொண்டு, அடுத்த சொல்லுக்கு இடம் விட்டு ஒதுங்குகிறது. டி-40 ஒதுங்காது. அதன் நாதம் நீண்டு நிற்கும், மேல் கூர்மை ஜால்ராவோடு முட்டும். டோனை இறக்கலாமே என்பார் மச்சான். இறக்கினாலும் நீளமான கம்பியின் விறைப்பு போவதில்லை.

கல்யாண வரவேற்பு, டிரம் செட், ஆடுகிற கூட்டம் என்றால் பேச்சே இல்லை, டி-40தான். அங்கே என் குட்டைக் கம்பியின் தாழ்ந்த இ கலங்கிப்போகிறது.

நடுவில் ஜப்பான்காரர்கள் இருக்கிறார்கள். மாட்சுமோகு ஆலையில் 1980களில் செய்த வெஸ்டோன், ஆரியா வகைகள். நெக் (கழுத்து) வேலை இரண்டையும்விட நேர்த்தி, கனமும் நடுத்தரம். குறை சொல்ல முடியாது, காதலும் வரவில்லை.

வாங்குவதானால் டர்பன் கடற்காற்றை மறக்காதீர்கள். முதலில் நெக். ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள். பிறகு நெக்கின் வளைவைத் திருத்த உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் இன்னும் திரும்புகிறதா என்று உறுதிசெய்யுங்கள். டி-40இல் சுவிட்சும் குமிழும் ஈரத்தில் கரகரக்கும், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மியூசிக்மாஸ்டரில் பிக்கப் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஆறு காந்தத்தைப் பொறுக்க முடியாமல் முன்னவர் மரத்தைக் குடைந்து வேறொன்றை வைத்திருக்கலாம். வாசிக்க அதுவே நல்லதாகக்கூட இருக்கும், ஆனால் ‘அப்படியே ஒரிஜினல்’ என்று லானி விலை, அதாவது பணக்கார விலை, கேட்டால் கொடுக்காதீர்கள்.

மச்சான் இதில் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனாலும் போன சனிக்கிழமை டி-40ஐ வண்டியிலேயே வைத்துவிட்டு, என் குட்டையை வாங்கிக் கடைசி மங்களம் வரை அவர்தான் வாசித்தார். கேட்டதற்கு முதுகுவலி என்றார்.