அப்பாவின் கடைவாய்ப் பல்

மார்த்தாண்டத்தில் காலையில் போன் செய்தால் மாலையில் பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம். நான் வசிக்கும் இங்கிலாந்தில் அரசுத் திட்டத்தில் புதிதாக ஆள் சேர்த்துக்கொள்ளும் பல் மருத்துவரைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அதனால் ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் பல், கண், ரத்தப் பரிசோதனை என்று ஒரு பட்டியலோடுதான் வருகிறேன். இந்த முறை மூன்று வாரம் இருந்தேன். என் பட்டியலைவிட அப்பாவின் பல்தான் அதிக நாட்களை எடுத்துக்கொண்டது.

ஒன்பது மாதங்களுக்கு முன் அப்பாவுக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்ற சிறிய வலைக்குழாயை வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறார். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துவிடாமல் காப்பவை அந்த இரண்டு மாத்திரைகள்தாம். கீழே கடைவாய்ப் பற்கள் இரண்டு ஆடிக்கொண்டிருந்ததால், நான் வருவதற்கு முந்தைய நாள் தம்பி அவரை ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போயிருக்கிறான். "ரத்த மாத்திரையை ஏழு நாள் நிறுத்திவிட்டு வாருங்கள், இரண்டையும் எடுத்துவிடலாம்" என்றார்களாம். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. அப்பா அன்று இரவே மாத்திரை டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்து பத்து நிமிடத்தில் அந்த டப்பாவைக் கீழே இறக்கினேன். பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் கூடுதலாகக் கசியலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த இடம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். அழுத்தலாம், தையல் போடலாம். ஸ்டென்ட் அடைத்தால் அது மாரடைப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்திருந்தால் அந்த ஏழு நாள் என்ற வார்த்தை அத்தனை எளிதாக வந்திருக்காது. பல் எடுப்பதற்காக இந்த மாத்திரைகளை நிறுத்த வேண்டாம் என்றுதான் ஸ்காட்லாந்தின் பல் மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. ஸ்டென்ட் வைத்த மருத்துவரை மறுநாள் காலையில் போனில் பிடித்தோம். "என்னைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடக் கூடாது" என்று அவர் சற்றுக் கோபமாகவே சொன்னார்.

பிறகு மார்த்தாண்டத்தில் ஓர் இளம் பெண் மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது மாத்திரைச் சீட்டை. பல்லை அதற்குப் பிறகுதான் பார்த்தார். "திங்கட்கிழமை காலையில் வாருங்கள் ஐயா. ஒரு பல் மட்டும் எடுப்போம்" என்றார். ஏன் திங்கட்கிழமை என்று கேட்டேன். சனிக்கிழமை மாலையில் எடுத்து, இரவில் ரத்தம் மறுபடி கசிந்தால் எங்கே ஓடுவீர்கள் என்று திருப்பிக் கேட்டார். அந்தப் பதிலிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

திங்கட்கிழமை பல்லை எடுத்ததும் குழியில் இரண்டு தையல் போட்டார். துணியை நான்காக மடித்து, ரத்தக் கசிவைக் குறைக்கும் மருந்தில் நனைத்து வைத்து, "கடித்துக்கொண்டே இருங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்" என்றார். அப்பா கைகளை மடியில் கோத்துக்கொண்டு எதிர்ச் சுவரின் கடிகாரத்தையே பார்த்தபடி இருந்தார். அரைமணி நேரம் கழித்துத் துணியை எடுத்தபோது ஓரத்தில் மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தது. இன்னும் பத்து நிமிடம் உட்காரவைத்து, மறுபடி பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். அன்று இரவும் அப்பா இரண்டு மாத்திரைகளையும் சாப்பிட்டார்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் மருத்துவரைக் கேள்வி கேட்காததற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு. நெய்யூர் மிஷன் மருத்துவமனை 1838-இல் தொடங்கியது. 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல், அங்கேயே அறுவை மருத்துவராகப் பல ஆண்டுகள் இருந்து, வயிற்றுப் புண்ணால் துடித்த ஏராளமானோரைக் காப்பாற்றினார். அப்படி வளர்ந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் கேள்வி கேட்பது அவமரியாதை என்று என் பெற்றோர் எண்ணுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. "இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று பணிவாகவே கேட்கலாம். இந்த மூன்று வாரத்தில் நான் அப்படிக் கேட்ட எந்த நல்ல மருத்துவரும் முகம் சுளிக்கவில்லை.

எனக்கு முதல் கிளினிக்கில் சொத்தைப் பற்களில் போட்டிருந்த நான்கு பழைய வெள்ளி நிற அடைப்புகளையும் தோண்டி எடுத்து வெள்ளையாக மாற்றச் சொல்லியிருந்தார்கள். அந்த அடைப்பில் பாதியளவு பாதரசம் என்பது சரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 முதல் புதிதாக அதைப் போடுவதையும் பெரும்பாலும் தடை செய்துவிட்டார்கள். ஆனால் நன்றாக இருக்கும் அடைப்பைக் குடைந்தால்தான் பாதரச ஆவி அதிகம் கிளம்பும். கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் போகும். மார்த்தாண்டம் மருத்துவர், விரிசல் விட்ட ஒன்றை மட்டும் மாற்றினார். வலியில்லாத என் ஞானப்பல்லையும் விட்டுவைத்தார். கீழ் ஞானப்பல்லை எடுக்கும்போது நரம்பில் பட்டால் உதடு மரத்துப்போகலாம். தொந்தரவில்லாததை முன்கூட்டியே எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் 2000-இலேயே வழிகாட்டுதல் வந்துவிட்டது. பக்கத்துப் பல் சொத்தையாகிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவுக்குப் பல் எக்ஸ்ரே என்றதும் பயம். பல்லுக்கு எடுக்கும் சிறிய எக்ஸ்ரேயின் கதிரளவு, இயற்கையிலிருந்து ஒரு மனிதருக்கு ஒரு நாளில் சராசரியாகக் கிடைப்பதைவிட அதிகமில்லை. இயற்கையாகவே கதிர்வீச்சுள்ள மோனசைட் தாது கலந்த மணவாளக்குறிச்சி மணலில் ஓடி விளையாடி வளர்ந்தவர் அவர். அதைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டார். அம்மாவின் வயிற்று உப்புசத்துக்கு உடனே சிடி ஸ்கேன் என்று வேறொரு இடத்தில் சொன்னபோதுதான் நான் தயங்கினேன். அதன் கதிரளவு மூன்று, நான்கு ஆண்டுக்கான இயற்கை அளவுக்குச் சமம். முதலில் அல்ட்ராசவுண்ட் போதுமா என்று கேட்டேன், போதும் என்றார்கள்.

காய்ச்சலும் சோர்வுமாக இருந்த ஒரு நாள் அவருக்குக் குளுக்கோஸ் ஏற்றவும் பார்த்தார்கள். அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அம்மாவுக்கோ சர்க்கரை நோய். வாந்தி நிற்காதவர்களுக்கும் டெங்குவில் நீர் வற்றியவர்களுக்கும் நரம்பு வழியாக ஏற்றுவது உயிர் காக்கும். வாயால் குடிக்க முடிந்த அம்மாவுக்கு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரே போதுமாக இருந்தது.

அத்தையின் கதைதான் மனதை வருத்துகிறது. பல்வலி வரும்போதெல்லாம் மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி மூன்று நாள் சாப்பிடுகிறார். வலி அடங்கியதும் நிறுத்திவிடுகிறார். அட்டையின் பின்புறம் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. மருத்துவர் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. பல்லுக்குள் இருக்கும் சீழ் வெளியேறாதவரை எத்தனை அட்டை தீர்ந்தாலும் வீக்கம் திரும்ப வரும். அதைவிட, புவிசார் குறியீடு பெற்ற எங்கள் மாறாமலைக் கிராம்பில் ஒன்றை அவர் வாயில் அடக்கிக்கொண்டு, மறுநாளே பல் மருத்துவரிடம் போயிருக்கலாம்.

அப்பாவின் இரண்டாவது பல்லுக்கும் ஒரு திங்கட்கிழமையைக் குறித்திருக்கிறார்கள். நான் அப்போது இங்கே இருக்க மாட்டேன். தம்பி கூடப் போவான். மாத்திரை டப்பா இப்போது சாப்பாட்டு மேசையில், தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.