நாலாயிரம் மெஷின விண்டோஸ் 11-க்கு மாத்துனோம் – எஸ்சிசிஎம் எப்படி இருந்துச்சு

விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சு போச்சு, இன்னும் மாத்தாம எக்ஸ்டெண்டட் அப்டேட்டுக்கு (சப்போர்ட் முடிஞ்சப்புறம் மைக்ரோசாஃப்ட் காசுக்கு குடுக்கிற செக்யூரிட்டி அப்டேட்) காசு கட்டி ஓட்டிட்டு இருக்கிற கம்பெனி நிறைய இருக்கு, அங்க ஐடி பாக்குறவங்களுக்குத்தான் இத எழுதுறேன். கம்பெனி லைசென்ஸ்ல மொத வருஷம் மெஷினுக்கு 61 டாலர், அடுத்த வருஷம் அது ரெட்டிப்பு, மூணாவது வருஷம் அதுக்கும் ரெட்டிப்பு. மூணு வருஷமும் கட்டுனா 427 டாலர், அதுக்கு ஒரு சுமாரான லேப்டாப்பே வந்துரும்.

நாங்க நாலாயிரத்து சொச்சம் மெஷின கான்ஃபிகரேஷன் மேனேஜர் வச்சுதான் மாத்துனோம், கம்பெனி கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ஒரே இடத்துல இருந்து பாத்துக்கிற மைக்ரோசாஃப்ட் டூல் அது, பழைய ஆளுங்க நாங்க இன்னும் எஸ்சிசிஎம்னுதான் சொல்லுவோம். இன்ட்யூன் (இதே வேலைக்கு மைக்ரோசாஃப்ட்டோட கிளவுட் டூல்) லைசென்ஸ் இருந்தா இதுக்கும் உரிமை சேந்தே வந்துருது, சர்வர் மட்டும் நம்ம பாத்துக்கணும். கத்துக்க நாளாகும், லாக் ஃபைல் படிக்கிற பொறுமை இல்லாதவங்களுக்கு இது சரிப்பட்டு வராது.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது டாஸ்க் சீக்வென்ஸ்ல (எந்த வேலைய எந்த வரிசையில ஓட்டணும்னு நாம போட்டு வைக்கிற பட்டியல்) அப்கிரேட் பண்ணாம வெறும் கம்பேட்டிபிலிட்டி ஸ்கேன் மட்டும் ஓட்டுற வசதி. ஒரே ஒரு டிக் பாக்ஸ்தான், யூசருக்கு ஒன்னுமே தெரியாது, அவங்க பாட்டுக்கு வேல பாத்துட்டு இருப்பாங்க, பின்னாடி செட்டப் முழுசா சோதிச்சுட்டு ஒரு எர்ரர் கோடு குடுக்கும். கடைசி மூணு இலக்கம் 210-னா தடை ஏதும் இல்ல, 208-னா ஏதோ சாஃப்ட்வேரோ டிரைவரோ வழிய மறிக்குது, 200-னா ஹார்ட்வேரே பத்தாது, டிபிஎம் 2.0-ங்கிற செக்யூரிட்டி சிப் இல்ல, இல்லன்னா இன்டெல் 8-வது தலைமுறைக்கு முந்துன பிராசஸர், அந்த மாதிரி. டிபிஎம் இல்லன்னு வந்த மெஷின உடனே குப்பைன்னு ஒதுக்கிடாதீங்க, பல மெஷின்ல பயாஸ்ல ஆஃப் ஆகித்தான் கிடக்கும். ரிப்போர்ட்டுல இந்த கோடு ஹெக்ஸ்ல இல்லாம சாதா தசம நம்பரா மாறி 3247440400-னும் வரும், பயந்துறாதீங்க, அது 210 கோடுதான், பச்சைக் கொடி.

ஆனா ஒன்னு, மாத்துனதுக்கு அப்புறம் ஆபீஸ் வேல நடக்குமான்னு இந்த ஸ்கேன் சொல்லாது. பைலட்ல, அதாவது மொத சோதனை சுத்துல, நாங்க ஐடி ஆளுங்கள மட்டும் வச்சோம், எல்லாம் நல்லா போச்சு. அடுத்த சுத்துல அக்கவுண்ட்ஸ் அக்கா போன் பண்ணாங்க, "தம்பி, காலையில இருந்து பில்லு ஸ்கேன் பண்றேன், ஃபோல்டர்ல ஒன்னுமே வர மாட்டேங்குது". போய் பாத்தா பழைய ஜெராக்ஸ் மெஷின், அது அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற ஷேர் ஃபோல்டருக்குத்தான் ஸ்கேன அனுப்பும். விண்டோஸ் 11-ஓட 24ஹெச்2 வெர்ஷன்ல எஸ்எம்பி சைனிங் (ஷேர் ஃபோல்டருக்கு போற டேட்டாவுல கையெழுத்து மாதிரி போடுற பாதுகாப்பு) கட்டாயம், அந்த ஜெராக்ஸ் மெஷின்ல அது ஆன் ஆகல. மெஷினோட செட்டிங்குல போய் ஆன் பண்ணதும் சரியாச்சு, ஆனா அதுக்குள்ள அவங்களுக்கு அரை நாள் போச்சு, மாசக் கடைசி வேற. பைலட்ல அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தர், ஹெச்ஆர்ல ஒருத்தர், கேட்ல பாஸ் அடிக்கிற செக்யூரிட்டி கம்ப்யூட்டர் ஒன்னு, இத சேக்காம ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க.

வைஃபை லாகினும் அப்படித்தான். என்டர்பிரைஸ் எடிஷன்ல கிரெடென்ஷியல் கார்டுங்கிற (Credential Guard) லாகின் விவரத்த திருடாம காக்கிற வசதி தானாவே ஆன் ஆகிடும், பாஸ்வேர்ட வச்சு தானா கனெக்ட் ஆகுற பழைய முறை (எம்எஸ்சாப்) அதோட நின்னுரும், அதனால சர்டிஃபிகேட் வச்சு லாகின் ஆகுற முறைக்கு முன்கூட்டியே மாறிடுங்க.

கிளை ஆபீஸ் லைன் மெல்லிசா இருந்தா 5 ஜிபிக்கு மேல இருக்கிற விண்டோஸ் 11 இமேஜ (இன்ஸ்டால் ஃபைல்) முன்கூட்டியே ப்ரீகேஷ் பண்ணி இறக்கிடலாம், பீர் கேஷ் போட்டா ஒரு மெஷின் இறக்குனத பக்கத்து மெஷின் வாங்கிக்கும். இது ரெண்டும் இல்லன்னா திங்கக்கிழமை காலையில கிளை மேனேஜர் போன்தான் மொதல்ல வரும்.

பழைய விண்டோஸுக்கு திரும்ப 10 நாள்தான் டைம், கமாண்ட் போட்டு 60 நாள் வரைக்கும் நீட்டிக்கலாம், நாங்க 30 வச்சோம். உங்க ஆபீஸ்ல டிஸ்க் கிளீனப் ஸ்கிரிப்ட் ஏதாவது தானா ஓடுதான்னு மட்டும் பாத்துக்குங்க, அது பழைய விண்டோஸ் இருக்கிற விண்டோஸ் ஓல்டு (Windows.old) ஃபோல்டர அழிச்சிருச்சுன்னா திரும்பவே முடியாது.