கருப்பு ராஸ்பெர்ரிப் பொடி: எலித் தீவனத்தில் எவ்வளவு நம்பலாம்?

உறைநிலையில் உலர்த்திய கருப்பு ராஸ்பெர்ரிப் பொடியைப் பற்றிய மதிப்பீடு இது. உணவுக்குழாய்ப் புற்றுநோயைத் தடுக்க முடியுமா என்று பார்க்க, ஆய்வக எலிகளின் தீவனத்தில் கலக்கப்படும் சரக்கு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உள்படலத்தின் தட்டையான செல்களில் தொடங்கும் செதிள் செல் வகைப் புற்றுக்கான எலி ஆய்வுக்கு இது அருமையான பொருள், துணிந்து வாங்கலாம். இரைப்பை அமிலம் மேலேறுவதால் வரும் அடினோகார்சினோமா என்ற சுரப்பிச் செல் வகைக்கு என்றால் யோசித்து வாங்குங்கள்.

இந்தப் பொடிக்குப் பெயர் வாங்கித் தந்தது அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி ஸ்டோனர் குழு செய்த வேலை. என்எம்பிஏ என்ற நைட்ரோசமீன் சேர்மத்தைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டால், எஃப்344 என்ற ஆய்வக வகை எலிகளின் உணவுக்குழாயில் செதிள் செல் வகைக் கட்டிகள் முளைக்கும். 2001-இல் வெளியான முடிவுகளில், ஊசிக்கு முன்பே தொடங்கி 5 சதவீதப் பொடி தின்ற எலிகளில் கட்டிகளின் எண்ணிக்கை 39 சதவீதமும், 10 சதவீதம் தின்றவற்றில் 49 சதவீதமும் குறைந்தது. என்எம்பிஏ டிஎன்ஏவில் உண்டாக்கும் ஓ6-மெத்தில்குவானின் என்ற சேதம் முறையே 73, 80 சதவீதம் குறைந்தது. ஊசிகளெல்லாம் முடிந்தபின் பொடியைக் கொடுத்தபோதும் பலன் இருந்தது. 25-ஆம் வாரத்தில் கட்டிகளின் எண்ணிக்கை 5 சதவீதத் தீவனத்தில் 62 சதவீதமும், 10 சதவீதத்தில் 43 சதவீதமும் குறைந்திருந்தது. அதிகம் போட்டால் அதிகப் பலன் என்று நினைத்து இருமடங்கு பொடி வாங்குபவர்கள் இந்தக் கடைசி இரண்டு எண்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. 5 சதவீதமே போதும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தாவரப் பெயர்: ரூபஸ் ஆக்சிடென்டாலிஸ். பிளாக்பெர்ரி வேறு இனம். பறித்த ராஸ்பெர்ரியின் நடுவில் குழி இருக்கும், பிளாக்பெர்ரியில் நடுத்தண்டு பழத்தோடே வந்துவிடும். பொடியாகிவிட்டால் இந்த அடையாளமெல்லாம் போய்விடும், அதனால் விற்பவரிடம் இனத்தை எழுத்தில் கேளுங்கள். சாறு எசென்ஸ், இனிப்பூட்டிய கலவை, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து நிரப்பி சேர்த்துத் தெளிப்பு உலர்த்தல் செய்த தூள் எல்லாம் ஒதுக்க வேண்டியவை. விதையோடு அரைத்ததா, விதை நீக்கியதா என்பதும் தெரிய வேண்டும், நார்ச்சத்தும் எலாஜிக் அமிலமும் அதனால் மாறும். ஒவ்வொரு தொகுதிக்கும், பழத்துக்குக் கருநிறம் தரும் அந்தோசயனின் அளவைக் காட்டும் சான்று இல்லையென்றால் வாங்காதீர்கள். ஒரே வயலில்கூட ஆண்டுக்கு ஆண்டு அந்த அளவு மாறும்.

எவ்வளவு வேண்டும்? வளர்ந்த எலி ஒன்று நாளுக்கு 15 முதல் 20 கிராம் தின்னும். 20 எலிகள், 30 வாரங்கள் என்றால் 63 முதல் 84 கிலோ தீவனம், அதில் 5 சதவீதம் ஏறக்குறைய 3.2 முதல் 4.2 கிலோ பொடி. சிந்துவது, கலக்கும்போது வீணாவது, சோதனைக்கு எடுப்பது எல்லாம் சேர்த்து 5 கிலோவை ஒரே தொகுதியில் வாங்கிவிடுங்கள். பாதியில் தீர்ந்து வேறு அறுவடையின் பொடிக்கு மாறினால், குழுக்களை ஒப்பிடவே முடியாமல் போகும்.

கலக்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஏஐஎன்-76ஏ என்ற தரப்படுத்திய எலித் தீவனத்தில் கிலோவுக்கு 500 கிராம் சர்க்கரை, 200 கிராம் கேசீன், 150 கிராம் மக்காச்சோள மாவுச்சத்து, செல்லுலோஸும் சோள எண்ணெயும் தலா 50 கிராம், மீதி தாது, வைட்டமின், மெதியோனின், கோலின். பொடியை இதன்மேல் கூடுதலாகக் கொட்டக்கூடாது. 5 சதவீதத்துக்கு மாவுச்சத்தில் 50 கிராமைக் குறைத்து அந்த இடத்தில் 50 கிராம் பொடி வர வேண்டும். அப்படிச் செய்தும் பழத்தின் நார், சர்க்கரையால் சிறு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். கண்டிப்பான ஆய்வில் பொடி சேராத கட்டுப்பாட்டுக் குழுவின் தீவனத்தையும் அதற்கேற்பச் சரிக்கட்ட வேண்டும்.

இந்தப் பொடி ஈரத்தை வேகமாக இழுக்கும். உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் மூடியைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படிந்து கட்டி தட்டும். மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிட்டு, பிறகு திறந்து சலித்து, முதலில் சம அளவு மாவுச்சத்தோடு கலக்குங்கள். அந்தக் கலவையைச் சம அளவு சர்க்கரையோடு, அதைக் கேசீனோடு என்று படிப்படியாகப் பெருக்கி, எண்ணெயைக் கடைசியில் ஊற்ற வேண்டும். எண்ணெய் முதலில் போனால் பொடி உருண்டைகளாகி, ஓர் எலிக்கு வெறும் மாவும் இன்னொன்றுக்குப் பழமும் போய்ச் சேரும். நிறம் சீராகத் தெரிகிறது என்று திருப்தி அடைய வேண்டாம். மேல், நடு, அடி மூன்றிலும் மாதிரி எடுத்து அந்தோசயனினை அளந்தால்தான் உறுதி. நீராவியில் வில்லைகளாக அழுத்துவதும் தவறு, வெப்பம் அந்தோசயனினைத் தின்றுவிடும். மாவாகவே கொடுப்பது மேல். பொடி மைனஸ் 20 டிகிரியில், வெளிச்சம் படாமல் இருக்கட்டும். கலந்த தீவனம் 4 டிகிரியில், வாரம் ஒருமுறை புதிதாக.

எடையும் தின்ற அளவும் வாரந்தோறும் குறிக்கப்பட வேண்டும். எலி குறைவாகத் தின்றாலே கட்டிகள் குறையலாம், அதைப் பழத்தின் பெருமையாக எழுதிவிடும் ஆபத்து உண்டு. ஊதா நிறத் தீவனம் யாருக்கு எது என்று காட்டிக்கொடுப்பதால், உணவுக்குழாயை இரைப்பையிலிருந்து பிரித்து, குறியீட்டு எண் இட்டு, குழு தெரியாதவரிடம் எண்ணக் கொடுங்கள். எண்ணப்படுபவை பெரும்பாலும் பாப்பிலோமாக்கள் என்ற தீங்கற்ற கட்டிகள், முழுப் புற்றல்ல என்பதை அறிக்கையில் தெளிவாகச் சொல்வது நேர்மை.

பலன் எதிலிருந்து வருகிறது? 2009-இல் பிரித்துப் பார்த்தபோது, அந்தோசயனின் மிகுந்த பகுதி முழுப்பழப் பொடிக்கு ஏறக்குறைய நிகராக வேலை செய்தது. ஹெக்சேன் கரைப்பானால் எடுத்த சாறு கிட்டத்தட்ட ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்தோசயனின் மிகக் குறைவாக இருந்த எஞ்சிய சக்கையும் வேலை செய்தது. அதனால் அந்தோசயனினை மட்டும் பிரித்த தனிச்சாறுக்கு இரட்டிப்பு விலை கொடுக்கத் தேவையில்லை. இன்னொரு சோதனையில் சிவப்பு ராஸ்பெர்ரி, ஸ்ட்ராபெர்ரி, புளூபெர்ரி, நோனி, அசாய், கோஜி எனப்படும் ஓநாய்ப்பழம் ஆகியவையும் 5 சதவீதத்தில் ஏறக்குறைய இதே அளவு தடுத்தன. கருப்பு ராஸ்பெர்ரி கிடைக்காவிட்டால் ஸ்ட்ராபெர்ரியே போதும் என்பது எங்கள் கருத்து.

மருந்துகளோடு ஒப்பிட்டால்? பீனெத்தில் ஐசோதயோசயனேட் என்ற தடுப்புச் சேர்மத்தை என்எம்பிஏவுக்கு முன்பிருந்தே கொடுத்தால் கட்டிகளைக் கிட்டத்தட்ட முழுமையாகத் தடுக்கும், பழங்களால் அது முடியாது. ஆனால் ஊசிகள் முடிந்தபின் கொடுத்தால் அது கைவிட்டுவிடும். அதன் உறவுக்காரச் சேர்மமான பீனைல்ஹெக்சைல் ஐசோதயோசயனேட்டோ எலிகளில் கட்டிகளை அதிகமாக்கியது. பெயர் ஒத்திருக்கிறது என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்குபவர் ஆய்வையே கவிழ்த்துவிடுவார். அழற்சியோடு தொடர்புடைய காக்ஸ்-2 நொதியை அடக்கும் தடுப்பான்கள் எலிகளில் கட்டிகளைக் குறைத்தன. ஆனால் பாரெட் உணவுக்குழாய் (அமிலம் மேலேறி உள்படலம் மாறிய நிலை) உள்ள மனிதர்களுக்கு அந்த வகை மருந்தான செலிகாக்ஸிப் 200 மில்லிகிராமை நாளுக்கு இருமுறை 48 வாரம் கொடுத்த சோதனையில் பலன் தெரியவில்லை.

மனிதர்களுக்கான தரவு சிறிது, ஆனால் உண்டு. சீனாவில் உணவுக்குழாயில் முன்புற்று மாற்றம் இருந்தவர்கள் உலர்ந்த ஸ்ட்ராபெர்ரிப் பொடியை நாளுக்கு 60 கிராம் வீதம் ஆறு மாதம் சாப்பிட்டபோது, 36 பேரில் 29 பேருக்கு அந்த மாற்றத்தின் தரம் குறைந்தது. போலிப்பொடி சாப்பிட்ட குழு அதில் இல்லை என்பது பெரிய குறை. பாரெட் நோயாளிகளுக்குக் கருப்பு ராஸ்பெர்ரியைப் பெண்களுக்கு 32, ஆண்களுக்கு 45 கிராம் என்று தந்த ஓஹையோ ஆய்வில் சிறுநீரில் ஆக்சிஜனேற்றச் சேதக் குறியீடு ஒன்று குறைந்தது. அதைப் புற்று தடுக்கப்பட்டதாக எண்ண முடியாது. அடினோகார்சினோமா வகைக்கு யோசித்து வாங்கச் சொன்னது இதனால்தான். நெஞ்செரிச்சலும் பாரெட் மாற்றமும் உள்ளவர் இந்தப் பொடியை நம்பி எண்டோஸ்கோபி பரிசோதனையையோ, மருத்துவர் தந்த அமிலம் குறைக்கும் மாத்திரையையோ நிறுத்தக்கூடாது.