பென்ஷன் காகிதம் படிக்கத் தெரிந்த கடை, காரைக்குடி

எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) இரண்டாம் உலகப் போரில் ரங்கூனில் குண்டடி பட்டு இறந்தார் என்றுதான் எண்பது வருடமாக எங்கள் வீட்டில் சொல்லி வந்தோம். அது அப்படியில்லை என்று காகிதத்தை வைத்தே எனக்குக் காட்டியவர், காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு மாடியறையில் கடை வைத்திருக்கும் பெரியவர். ராணுவத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து தருகிறார், மனு எழுதித் தருகிறார். பெயர்ப்பலகை கிடையாது. கீழே வளையல் கடை. அதை ஒட்டிச் செங்குத்தாக ஏறும் படி. முழங்கால் வலி உள்ளவர்கள் துணையோடு போங்கள்.

நான் கொண்டுபோனது அப்பத்தாவின் தகரப்பெட்டியில் இருந்த பதினொரு தாள்கள். அப்பத்தா அதைப் 'பட்டாளத்துக் காகிதம்' என்பார்கள். பணம் வாங்கப் போகும் நாள் தவிர வேறு நாளில் வெளியே எடுக்க மாட்டார்கள். அவர்கள் போன பிறகு நாங்கள்தான் கெடுத்தோம். வேறொரு ஊரில் ஒரு கடையில் ஒரு தாளை லாமினேஷன் செய்யக் கொடுத்தோம். சூட்டில் முத்திரை மை பரவி, மடிப்பில் இருந்த எழுத்து போய்விட்டது. இவர் அந்தத் தாளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதைப் பிரிக்க முயற்சி செய்யாதீர்கள். மிச்சமும் போய்விடும்" என்று மட்டும் சொன்னார்.

மற்றப் பத்துத் தாள்களையும் அவர் கையாண்டதைப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த குண்டூசியை இழுக்கவில்லை. தாளைத் திருப்பிப் போட்டு, பின்புறம் வளைந்திருந்த முனையை நிமிர்த்தி, மெல்ல நழுவவிட்டார். வண்ணம் தீட்டும் மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டினார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினார். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்தார். வெறும் பின்பக்கம்தானே என்று நாம் விடுவதில்தான் முத்திரையும் தேதியும் இருக்கின்றனவாம்.

பிறகு படித்தார். பி.பி.ஓ. என்கிற ஓய்வூதியக் கொடுப்பாணையில், கருவூலத்தில் இருக்கும் பாதி ஒன்று, பென்ஷன் வாங்குபவரிடம் இருக்கும் பாதி ஒன்று. எங்களிடம் இருந்தது இரண்டாவது. ஐயாவின் படை எண்ணுக்கு முன்னால் எம்.டி.என். என்று மூன்று எழுத்துகள். அடுத்த வரியில் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. 'ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ்', லாரி ஓட்டுநர். தமிழ் ஆள் என்றால் மெட்ராஸ் ரெஜிமெண்ட்தான் என்று நினைத்து, அதன் மையம் இருக்கும் வெலிங்டனுக்கு எழுத என் தம்பி விலாசம் வரை எடுத்து வைத்திருந்தான். 1950 ஜனவரி 26-க்குப் பிறகு 'ராயல்' போய் ஏ.எஸ்.சி. ஆன படை அது. ஐயாவின் பதிவேட்டுக்குப் பெங்களூருக்கு எழுத வேண்டும் என்றார்.

இறந்த தேதி எந்தத் தாளிலும் தெளிவாக இல்லை. அது இருந்த தாளைத்தான் லாமினேஷன் தின்றுவிட்டது. அவர் கொடுப்பாணையைக் காட்டினார்: குடும்ப ஓய்வூதியம் 1944 செப்டம்பர் 12 முதல். "இறந்ததற்கு மறுநாளிலிருந்துதான் கணக்கு தொடங்கும் அம்மா. அப்படியானால் அவர் போனது 11-ம் தேதி." அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்பாவுக்கு அப்போது ஒன்றே கால் வயது.

ரங்கூன் கதையை அவர் மறுத்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் பிடித்த ரங்கூன், 1945 மே மாதம்தான் திரும்பக் கைக்கு வந்தது. 1944 செப்டம்பரில் நம் படை லாரி அங்கே எப்படிப் போயிருக்கும்? இந்தப் பக்கத்தில் பர்மா என்றாலே ரங்கூன்தான். கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, அங்கே போன செட்டியார் வீடுகளும், அங்கிருந்து கப்பலில் வந்த தேக்கும் எல்லோர் வாயிலும் அந்த ஒரு பெயரைத்தான் வைத்திருந்தன. 'பர்மா சண்டையில் போனார்' என்று தந்தி வந்திருந்தால், வாசலில் கேட்டவர்கள் ரங்கூன் என்றே எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

குண்டடியும் இல்லை. 'போர்க்களப் பணியில் ஏற்பட்ட காய்ச்சல்' என்பது தாளில் உள்ள காரணம். எனக்குச் சற்று மனம் சுருங்கியது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் அதைக் கவனித்துவிட்டார். 1943-ல் அந்தப் போர்முனையில் காயத்தால் பின்னுக்கு அனுப்பப்பட்ட ஒருவருக்கு 120 பேர் நோயால் அனுப்பப்பட்டார்கள் என்றார். பர்மா எல்லைப் பக்கம் ஜப்பானியர் அறுத்த இம்பால்–கொஹிமா சாலை 1944 ஜூன் 22-ல்தான் மீண்டும் திறந்தது. ஐயா போனது அதற்குப் பிந்திய மழைக்காலம். அந்தச் சாலையில் அரிசியும் குண்டும் ஏற்றிப் போனவர்களில் அவரும் ஒருவர்.

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் தேடுவது இலவசம். நான் ஏற்கெனவே இரண்டு வருடம் தேடித் தோற்றிருந்தேன். காரணம், சிவகங்கை என்று தேடியிருந்தேன். சிவகங்கை தனி மாவட்டமானது 1985-ல். அந்தப் பதிவுகளில் நம் ஊர்கள் எல்லாம் 'ராம்நாட்', அதாவது ராமநாதபுரம். பெரியவரோ பெயரைப் போட்டுத் தேடவில்லை, படை எண்ணைப் போட்டார். வந்துவிட்டது. ஆங்கில எழுத்தில் ஐயாவின் பெயர் அடையாளமே தெரியாதபடி உடைந்திருந்தது. ஆனால் தகப்பனார் பெயரும், அப்பத்தாவின் பெயரும், எங்கள் ஊர் பெயரும் சரியாக இருந்தன. கொஹிமா தகன நினைவுச்சின்னத்தில் அவர் பெயர் பொறித்திருக்கிறது. அங்கே தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கியப் படைவீரர்கள் 917 பேரின் பெயர்கள் உள்ள இடம் அது.

தங்கள் வீட்டுப் பெரியவருக்காகப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரைப் பொறுத்தவரை, அந்தத் தளத்தில் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். திரும்பி வந்தவர்களுக்கு, படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம்தான் வழி. பணி ஓய்வூதியத்துக்கு 15 வருடம் வேண்டும் என்பதால், போர் முடிந்ததும் அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோரிடம் பென்ஷன் காகிதமே இருக்காது.

கடைசித் தாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது அப்பத்தாவின் அடையாள விவரத் தாள். உயரம் நான்கடி ஒன்பது அங்குலம். வலது கன்னத்தில் மச்சம். கீழே இடது கையின் ஐந்து விரல் ரேகைகள், கருநீல மையில். பெருவிரல் ரேகையின் குறுக்கே மை படாத ஒரு வெள்ளைக் கோடு. அவர் அதை ஸ்கேனில் பெரிதாக்கியபோது மடிப்புத் தழும்பு என்று நினைத்தேன். இல்லை, அது அரிவாள்மனை வெட்டு. அந்தக் கோட்டை நான் சிறுவயதில் தடவிப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளில் கைவைத்தபோது அப்பத்தாவுக்கு வயது இருபது என்று எழுதியிருக்கிறது.

குறைகளும் உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு பேருடைய காகிதத்துக்கு மேல் எடுக்க மாட்டார். நான் மூன்று முறை பஸ் ஏறினேன். போனை எடுப்பதில்லை. பெங்களூருக்கு அவர் தட்டச்சு செய்த கடிதத்தில் எங்கள் ஊர் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, சொன்னவுடன் வேறு தாளில் அடித்துக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய். பதக்கம் வாங்கித் தருகிறேன், நிலுவைப் பணம் வாங்கித் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். படியும் போனும் காரணமாக நாலரை. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இத்தனை வருடமும் நாள் தெரியாமல் ஐயாவுக்கு ஆடி அமாவாசையில்தான் கொடுத்து வந்தோம். இந்த முறை ஐயர் பழைய பஞ்சாங்கம் பார்த்து ஆவணித் தேய்பிறையில் திதியைக் குறித்துக் கொடுத்தார். அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. உட்கார்ந்து எழ இருவர் பிடிக்க வேண்டும். அன்று காலை நான்கு மணிக்கே குளித்துவிட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பெங்களூரிலிருந்து பதில் இன்னும் வரவில்லை. வந்தால் அந்தத் தாளையும் அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்துப் படிக்கச் சொல்வேன்.